பழைய ரௌட்டரும் பின்னறையும்: வீட்டுக்குள் ஒரு வைஃபை ரிப்பீட்டர்

சிதம்பரத்தில் அப்பா அம்மா இருக்கும் வீடு ரயில் பெட்டி மாதிரி. அகலம் கொஞ்சம், நீளம் ரொம்ப. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், சமையல்கட்டு, அதுக்கும் பின்னால ஒரு அறை, கிணறு, கொல்லை. டேப் பிடித்து அளந்தேன், தெருவாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை 31 மீட்டர். ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன்கள் வாசல் சுவரில் ஒரு ஓட்டை போட்டு, ரேழியிலேயே பெட்டியை மாட்டிட்டுப் போய்விட்டார்கள். அவங்களுக்கு அது சுலபம். ஆனால் அப்பாவும் அம்மாவும் புழங்குவது பின்னறையில். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து கட்டில் அங்கேதான், பாத்ரூம் பக்கம் என்பதால்.

போன மார்கழியில் ஒரு ராத்திரி, இரண்டரை மணி இருக்கும், அப்பா பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்துவிட்டார். பின்னறையில் செல்போன் சிக்னல் ஒரு கோடுகூட வராது. வைஃபையும் எட்டாது. அம்மா அவரைத் தரையில் அப்படியே விட்டுவிட்டு, இருட்டில் தாழ்வாரத்தைச் சுற்றி நடந்து, வாசல் கதவைத் திறந்து திண்ணையில் நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணினாள். நான் கடலூரில் இருக்கிறேன், சுமார் 45 கிலோமீட்டர். நான் கிளம்பி வருவதற்குள் எதிர்வீட்டுக்காரர் அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டார். நல்லவேளையா எலும்பு எதுவும் முறியலை, மணிக்கட்டு வீங்கியதோடு போச்சு. அம்மா அதற்கப்புறம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "உன்னைக் கூப்பிடறதுக்கு அவரைத் தனியா விட்டுட்டு வர வேண்டியதாப் போச்சுடா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலூர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய ரௌட்டரைத் தூசி தட்டி எடுத்தேன். 2013 வாக்கில் வாங்கியது, ஒற்றை ஆன்டெனா, 150 எம்பிபிஎஸ் ரகம். இதை வைத்து என்ன செய்தேன், எங்கே தப்பு பண்ணினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டிலும் பரணில் இப்படி ஒன்று கட்டாயம் தூங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் ரிப்பீட்டர் என்றால் என்ன என்று சரியாகப் புரிந்துகொள்வோம். நிறையப் பேர் அதை ஆம்ப்ளிஃபயர் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஆம்ப்ளிஃபயர் வருகிற சிக்னலை இரைச்சலோடு சேர்த்துப் பெரிதாக்கும். ரிப்பீட்டர் அப்படிச் செய்யாது. வந்த செய்தியை முழுசாக் கேட்டு, சரியா வந்திருக்கா என்று சோதித்து, புதுசாத் தன் குரலில் திருப்பிச் சொல்லும். இந்தச் சொல் தந்திக் காலத்திலிருந்தே புழங்குவது. நீண்ட கம்பியில் சிக்னல் பலவீனமாகும் இடத்தில், அதை வாங்கி அடுத்த கம்பிக்கு முழுப் பலத்தோடு அனுப்பும் கருவிக்கு அந்தப் பெயர்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் ஒருத்தர் "ரசம்" என்கிறார். சமையல்கட்டுக்குக் கேட்காது. நடுவில் நிற்கும் ஆள் அதைக் கேட்டு, உள்ளே திரும்பி "அங்க ரசம் கொண்டாங்கப்பா" என்று கத்துகிறார். அவர்தான் ரிப்பீட்டர். இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, அவர் நிற்க வேண்டிய இடம் நடு. கடைசி வரிசைக்குப் பக்கத்திலேயே போய் நின்றால் சமையல்கட்டில் இருந்து வரும் பதில் அவருக்கே கேட்காது. இரண்டு, அவர் கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. ஒரு செய்திக்கு இரண்டு மடங்கு நேரம்.

இந்த இரண்டாவது விஷயம்தான் ரிப்பீட்டர் போட்டால் வேகம் பாதியாகும் என்று சொல்வதற்குக் காரணம். பழைய ரௌட்டரில் ரேடியோ ஒன்றுதான். அதுவும் மெயின் ரௌட்டரும் ஒரே சேனலில் பேசணும். ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. பாதி நேரம் கேட்க, பாதி நேரம் சொல்ல. இரண்டு ரேடியோ உள்ள புது ரகங்களில் 5 கிகாஹெர்ட்ஸில் கேட்டு 2.4-ல் சொல்லலாம், அப்போது இந்த நஷ்டம் குறையும். என் பரண் ரௌட்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஆனால் பாதி என்பது எவ்வளவில் பாதி என்று பார்க்கணும் இல்லையா? ஒரு வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு ஒன்று, இரண்டு எம்பிபிஎஸ் போதும். வெறும் குரலுக்கு அதில் சின்னப் பங்குகூட வேண்டாம். 40 பாதியாகி 20 ஆனாலும் அம்மாவுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

கேபிள் இழுக்க முடிந்தால் ரிப்பீட்டரே வேண்டாம், இதை இப்பவே சொல்லிவிடுகிறேன். கடலூரில் என் வீட்டு மாடிக்கு நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். கீழிருந்து ஒரு கேட்-5இ கேபிள் (100 மீட்டர் வரை தாராளமாகப் போகும்), மாடியில் இன்னொரு பழைய ரௌட்டர், அதன் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை வான் ஓட்டையில் செருகாமல் லேன் ஓட்டையில் செருகினால் அது வெறும் ஆக்சஸ் பாயின்ட் ஆகிவிடும். வேகம் பாதியாகாது. சிதம்பரத்திலும் அதைத்தான் செய்ய நினைத்தேன். அப்பா ஒத்துக்கலை. "ஒருத்தன் போட்ட ஓட்டை போதும்" என்றார். அந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை, ஒன்றரை அடி கனம். டிரில் வைத்தால் பொலபொலவென்று உதிர்கிறது. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

அந்தச் சுவர்தான் வைஃபைக்கும் எதிரி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், அவ்வளவுதான். சுவர் வந்தால் கணக்கு மாறிவிடும். செங்கல், ஈரம், சுவரை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோ எல்லாம் தன் பங்குக்குத் தின்னும். 5 கிகாஹெர்ட்ஸ் இந்த மாதிரிச் சுவர்களில் இன்னும் மோசம்.

போனில் வைஃபை அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். எண்கள் டிபிஎம்மில் வரும், எல்லாம் மைனஸ். பூஜ்யத்துக்குப் பக்கமாக இருந்தால் நல்லது, 3 குறைந்தால் சக்தி பாதி என்று அர்த்தம். ரேழியில் மைனஸ் 38. கூடத்தில் மைனஸ் 52. தாழ்வாரத்தின் முன்பக்கம் மைனஸ் 60. சமையல்கட்டுக்குள் நுழைந்ததும் மைனஸ் 77. பின்னறையில் மைனஸ் 87, அதுவும் வந்து வந்து போனது. வீடியோ காலுக்கு மைனஸ் 67-க்கு மேல் இருந்தால் நிம்மதி. மைனஸ் 80-க்குக் கீழே போனால் மறந்துவிடலாம்.

அளந்துகொண்டே வரும்போது ஒன்று கண்ணில் பட்டது. தாழ்வாரத்தின் பின்மூலை, அதாவது சமையல்கட்டு வாசலுக்குப் பக்கத்துச் சுவரின் மேல்பக்கம், ரேழியிலிருந்து தூரம்தான். ஆனால் அங்கே மைனஸ் 63. காரணம் முற்றம். கூடத்து வாசல் வழியாக வந்த அலைக்கு அதுக்கப்புறம் சுவரே கிடையாது, திறந்த ஆகாயம். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட வெற்றிடம் வைஃபைக்கும் வழிவிடுகிறது.

இவ்வளவு தெரிந்தும் முதலில் ரௌட்டரை எங்கே வைத்தேன் தெரியுமா? பின்னறையில். தேவை அங்கேதானே என்று. போனில் நாலு கோடும் முழுசாக நின்றது. அம்மா முகத்தில் சந்தோஷம். நெட் மட்டும் வரவேயில்லை. அந்தக் கோடுகள் காட்டுவது போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் உள்ள உறவை. ரிப்பீட்டருக்கும் மெயின் ரௌட்டருக்கும் நடுவில் என்ன நிலவரம் என்று அவை சொல்லாது. மைனஸ் 87-ல் காதே கேட்காத ஆளைப் பந்தியின் கடைசியில் நிறுத்தியிருக்கிறேன். பந்தி உதாரணம் சொல்கிறவனுக்கே இந்தக் கதி.

செட்டிங்குக்கு வருவோம். பழைய ரௌட்டரின் பின்னால் சின்ன ஓட்டை இருக்கும், இல்லையென்றால் ரீசெட் பட்டன். குண்டூசியால் பத்து செகண்ட் அழுத்திப் பிடித்தால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை என்ற கவலை வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஐபி, யூசர்நேம் எல்லாம் இருக்கும். லேப்டாப்பை லேன் கேபிளில் இதனுடன் இணைத்துவிட்டு, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் மெயின் ரௌட்டரின் பக்கத்துக்குள் போய் அதன் செட்டிங்கை மாற்றிவிட்டவர்கள் உண்டு.

முதல் வேலை ஐபி அட்ரஸ். மெயின் ரௌட்டர் 192.168.1.1 என்றால், பழையதை 192.168.1.2 ஆக்குங்கள். மெயின் ரௌட்டரின் டிஎச்சிபி வரிசை 2-லிருந்தே தொடங்கினால் அதை 100-லிருந்து தொடங்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். நான் இதைக் கடைசியில் பார்த்துக்கலாம் என்று விட்டுவிட்டேன். இரண்டுமே 192.168.1.1. இணைப்பு ஏற்பட்ட அடுத்த நிமிஷம் வீடு முழுக்க நெட் போச்சு, முன்னால் வேலை செய்துகொண்டிருந்த ரேழியிலும்கூட. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? மறுபடி குண்டூசி, மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் வயர்லெஸ் பக்கம். சில ரௌட்டர்களில் "ரிப்பீட்டர்" என்றே மோட் இருக்கும். டிபி-லிங்கின் 740என் மாதிரி அந்தக் காலத்து மாடல்களில் "டபிள்யூடிஎஸ் பிரிட்ஜிங்" என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அதை டிக் பண்ணி, சர்வே பட்டனைத் தட்டினால் சுற்றுவட்டார வைஃபை எல்லாம் பட்டியலாக வரும். உங்களுடையதைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு கொடுக்கணும். கடைசியாக டிஎச்சிபி சர்வரை அணைத்துவிட்டு ரீபூட். வீட்டில் ஐபி கொடுக்கும் வேலை ஒருத்தரிடம்தான் இருக்கணும். இரண்டு பேர் டோக்கன் கொடுத்தால் வரிசையில் சண்டைதான்.

டபிள்யூடிஎஸ் பற்றி ஒரு சின்ன ஆராய்ச்சிக் குறிப்பு, பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிடலாம். சாதாரணமாகப் போனும் ரௌட்டரும் பேசும் வைஃபை பாக்கெட்டில் மூன்று முகவரிக்குத்தான் இடம்: காற்றில் அனுப்புகிறவர், காற்றில் வாங்குகிறவர், அதற்கு அப்பால் உள்ள ஒருவர். நடுவில் ஒரு ரிப்பீட்டர் வந்தால் இது பத்தாது. இந்தத் தாவலில் அனுப்புகிறவர், வாங்குகிறவர், உண்மையில் எழுதியவர், உண்மையில் போய்ச் சேர வேண்டியவர் என நாலு முகவரி வேண்டும். தபாலில் உறைமேல் உள்ள இரண்டு முகவரியோடு, பையைக் கொடுத்த ஆபீஸ், வாங்கிய ஆபீஸ் என்று முத்திரை குத்துவது மாதிரி. வைஃபையின் தரநிலையில் நாலாவது முகவரிக்கு இடம் விட்டிருந்தார்கள், ஆனால் அதை வைத்து எப்படி இணைப்பை ஏற்படுத்துவது என்பதை முழுசாக எழுதி வைக்கலை. ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் செய்தது. அதனால்தான் ஒரு கம்பெனி ரௌட்டரும் இன்னொரு கம்பெனி ரௌட்டரும் டபிள்யூடிஎஸ்ஸில் பல சமயம் பேசிக்கொள்வதில்லை. உங்களுக்கு அப்படி ஆனால், "யூனிவர்சல் ரிப்பீட்டர்" என்ற மோட் இருக்கா என்று பாருங்கள். அது மெயின் ரௌட்டரிடம் தன்னைச் சாதாரணப் போன் மாதிரிக் காட்டிக்கொண்டு, பின்னால் இருப்பவர்களின் முகவரியைத் தானே மாற்றி மாற்றி அனுப்பும். எனக்கு டபிள்யூடிஎஸ்ஸே ஒத்துழைத்தது, அதிர்ஷ்டம்தான்.

பாதுகாப்பில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்பதைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். வெப் என்ற பழைய பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. டிகேஐபி போட்டால் 150 எம்பிபிஎஸ் ரௌட்டர்கூட 54-க்கு இறங்கிவிடும். பெயரும் பாஸ்வேர்டும் மெயின் ரௌட்டரில் உள்ளதையே இதிலும் கொடுத்தேன். அப்பா அம்மாவை "அங்க போனா இதைத் தேர்ந்தெடு, இங்க வந்தா அதைத் தேர்ந்தெடு" என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரே பெயர் என்றால் போன் தானாகத் தாவிக்கொள்ளும். சில போன்கள் தாவச் சோம்பேறித்தனம் பண்ணும், பலவீனமான பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

எல்லாம் முடித்து, தாழ்வாரத்து மூலையில் ஆணி அடித்து (அதற்கு அப்பா அனுமதி கொடுத்தார்) ரௌட்டரை மாட்டினேன். பின்னறையில் மைனஸ் 57. வேகம் 17 எம்பிபிஎஸ் காட்டியது, ரேழியில் 41 இருந்தது. கணக்குக்கு ஒத்து வருகிறது. திருப்தியோடு கடலூர் திரும்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா போன் பண்ணினாள், திண்ணையிலிருந்து. "உன் பொட்டி படுத்துடுச்சுடா."

கரன்ட் போய் வந்திருக்கிறது. மெயின் ரௌட்டர் மறுபடி எழுந்தபோது, அதன் சேனல் "ஆட்டோ" என்று இருந்ததால் 6-லிருந்து 11-க்கு நகர்ந்துவிட்டது. பழைய டபிள்யூடிஎஸ் ரௌட்டருக்குத் தேடிப் போகத் தெரியாது, சொன்ன 6-லேயே காத்துக்கொண்டிருக்கிறது. மெயின் ரௌட்டரில் ஆட்டோவை எடுத்துவிட்டு 11 என்று நிலையாக வைத்து, இதிலும் 11 வைத்தேன். 1, 6, 11 இந்த மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. அக்கம்பக்கத்தில் எது காலியோ அதை எடுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 வைத்து வேகம் பார்க்க ஆசைப்பட்டால் நெருக்கமான தெருக்களில் அடுத்த வீட்டோடு மோதல்தான் மிஞ்சும்.

கரன்ட் விஷயம் இன்னும் ஒன்று பாக்கி. ராத்திரி கரன்ட் போன நேரத்தில் அப்பா விழுந்தால்? ரௌட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் இரண்டு வாங்கினேன். இங்கே ஜாக்கிரதை. ரேழிப் பெட்டி 12 வோல்ட், என் பழைய ரௌட்டர் 9 வோல்ட். பின் இரண்டுக்கும் ஒரே அளவு, எதில் வேண்டுமானாலும் நுழையும். 9 வோல்ட் ரௌட்டரில் 12-ஐச் செருகினால் அது பொறுத்துக்கொள்ளலாம், புகையலாம், நான் சோதித்துப் பார்க்க விரும்பலை. 9-ம் 12-ம் இரண்டும் தரும் யுபிஎஸ் கிடைக்கிறது, அதுதான் வாங்கினேன். ஸ்டிக்கரைப் படித்து, வோல்ட் சரியாகவும் ஆம்பியர் ரௌட்டருக்கு வேண்டியதற்குக் குறையாமலும் பார்த்து வாங்குங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை அடித்துப் போட்டதற்கு அப்புறம் கரன்ட் இல்லாமல் கிடந்த நாட்கள் எங்க பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. அந்த மாதிரி நாளுக்கு மினி யுபிஎஸ் உதவாது. மூன்று நாலு மணி நேரத்துக்குத் தாங்கும்.

இதுக்கும் மேல் முக்கியமான ஒன்று. அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வருகிற காலை எடுக்கத் தெரியும், தானாகப் போட வராது. பதற்றத்தில் விரல் போவது பச்சை டயல் பட்டனுக்குத்தான். வைஃபை காலிங் இதற்குப் பதில். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்தியாவில் இதைத் தொடங்கின. செல் சிக்னல் இல்லாத இடத்தில் சாதாரண போன் காலே வைஃபை வழியாகப் போகும். தனி ஆப் எதுவும் வேண்டாம். போனும் சிம்மும் ஆதரித்தால் போதும். அம்மா போனில் அந்த வசதி முதலிலிருந்தே இருந்திருக்கிறது, செட்டிங்கின் ஆழத்தில், அணைந்தபடி. அதை இயக்கிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே எனக்கும் எதிர்வீட்டுக்கும் நாலு தடவை போன் பண்ண வைத்தேன். எதிர்வீட்டுக்காரர் நாலாவது தடவை கொஞ்சம் கடுப்பானார்.

இந்த வேலைகளுக்கு நடுவே பழைய ஆய்வுத் தாள்களைப் புரட்டியதில், இதே பந்தி ஆள் தத்துவத்தை நம்ம ஊர்க்காரர்கள் எவ்வளவு பெரிய அளவில் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களை வைஃபையிலேயே இணைத்தது. ஒரு கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரை நீளும் இணைப்புகள். மையத்தில் உட்கார்ந்த நோயாளியைத் தேனியில் உள்ள டாக்டர் வீடியோவில் பார்ப்பார். நேர்ப்பார்வை கிடைக்காத இடங்களில் நடுவே ரிலே வைத்தார்கள். கோபுரம் கட்ட முடியாத இடத்தில் ஒரு ஜவுளி ஆலையின் புகைபோக்கியைக்கூடப் பிடித்துக்கொண்டார்கள். 2008-ல் அவர்கள் எழுதிய கட்டுரையில் என்னைக் கவர்ந்தது தூரம் இல்லை. கிராமத்து மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் கருவிகளை எப்படிக் கெடுத்தது என்று விவரித்திருந்ததுதான். ரேடியோவைவிடக் கரன்ட்தான் அவர்களைப் படுத்தியிருக்கிறது. சேனல் 11 கதைக்குப் பிறகு அதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதற்கும் முன்னால், கடலூருக்கு வடக்கே புதுச்சேரி மீனவக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அறிவு மையங்கள் நடத்தியது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் எவ்வளவு என்ற முன்கணிப்பை இன்டர்நெட்டில் எடுத்து, ஒலிபெருக்கியில் கடற்கரைக்கு வாசிப்பார்கள். கம்ப்யூட்டரில் வந்ததை ஒலிபெருக்கி திருப்பிச் சொல்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் போன் பண்ணி எச்சரிக்க, அதை அந்த ஒலிபெருக்கியில் அறிவித்து ஜனங்களைக் கரையிலிருந்து வெளியேற்றினார்கள். ஒரு போனில் வந்த செய்தி ஊர் முழுக்கக் கேட்டது, நடுவில் திருப்பிச் சொல்ல ஒன்று இருந்ததால்.

பழைய ரௌட்டரில் ஓபன்வர்ட் போடலாமே என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, அதன் மூலநிரல் 2003-ல் வெளியானதிலிருந்து கிளைத்த திட்டம் அது. எனக்கும் ஆசைதான். ஆனால் 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ள என் ரௌட்டரைப் புது ஓபன்வர்ட் பதிப்புகள் ஏற்பதில்லை. அப்டேட் வராத பழைய ஃபர்ம்வேரை இன்டர்நெட்டுக்கு நேராக நிறுத்துவதும் எனக்குப் பிடிக்கலை. இங்கே அது மெயின் ரௌட்டருக்குப் பின்னால், வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அட்மின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டேன். நீங்களும் மறக்காமல் மாற்றுங்கள்.

ஐபியை மாற்றிவிட்டதால், இனி இந்த ரௌட்டரின் பக்கத்தைத் திறக்கணும் என்றால் ஸ்டிக்கரில் அச்சடித்த முகவரி பயன்படாது. அதனால் அடியில் ஒரு காகிதத்தில் 192.168.1.2, சேனல் 11, 9 வோல்ட் என்று எழுதி செலோடேப் போட்டு ஒட்டிவிட்டேன். அதற்குக் கீழே அம்மா பென்சிலில் எதிர்வீட்டுப் போன் நம்பரையும் எழுதி வைத்திருக்கிறாள்.